மணலில் கிளட்ச், மணலில் கன்வெர்ட்டர்: இரண்டு வண்டிகளில் செய்த வேலை

ஷார்ஜாவுக்குக் கிழக்கே மிலைஹாவுக்கும் அல் பதாயருக்கும் இடையில் விரிந்துகிடக்கும் செம்மணற்குன்றுகளில் வண்டி ஓட்டுகிறவர்களிடையே, மேனுவல் கியர் நல்லதா ஆட்டோமேட்டிக் நல்லதா என்ற வழக்கு ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. வண்டி தங்கள் சொற்படி கேட்கிறது என்பார்கள் மேனுவல்காரர்கள். தங்கள் இரு கைகளும் ஸ்டீயரிங்கை விட்டு நகர வேண்டியதில்லை என்பார்கள் ஆட்டோமேட்டிக்காரர்கள். இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டுமே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பேசும் பேச்சு. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கிறவனுக்கு வேறொரு கணக்கு தெரிகிறது. அது சூட்டின் கணக்கு.

என்னுடைய மேனுவலும் என் நண்பரின் ஆட்டோமேட்டிக்கும் ஒரே மாடல் என்பதால் அந்தக் கணக்கை நேருக்கு நேர் பார்க்க முடிந்தது. இரண்டிலும் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், ஏணிச் சட்டம், முன்னும் பின்னும் முழு அச்சு, எஞ்சின் சக்தியை இரண்டு அச்சுகளுக்கும் பிரித்துக்கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேசில் சாதாரண ஓட்டத்துக்கு உயர்வரிசை, மெதுவான வலுவான இழுவைக்குத் தாழ்வரிசை என்று இரண்டு நிலைகள். ஆட்களும் தண்ணீரும் மீட்புச் சாமான்களும் ஏறினால் எடை இரண்டரை டன். என்னுடையதற்குக் கிளட்ச் மாற்ற வேண்டி வந்தது. அவருடையதற்கு கியர் ஆயில் கூலரும் வெப்பமானியும் பொருத்த வேண்டி வந்தது. இரண்டு வேலைகளையும் ஒரே பருவத்தில் நாங்களே செய்தோம்.

முதலில் மணல் என்ன செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். தார்ச்சாலையில் உருளும் சக்கரத்துக்கு ஏற்படும் தடை வண்டி எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கைத் தாண்டுவது அரிது. காற்று கொண்டுவந்து குவித்த மென்மணலில் அது நூற்றுக்கு இருபது, முப்பது பங்கு வரை ஏறிவிடும். டயர் காற்றை 35 பிஎஸ்ஐயிலிருந்து 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கும்போது, மணலில் படியும் பரப்பு நீண்டு இந்தத் தடை குறைகிறது. ஆனாலும் மிச்சமிருப்பது சிறிதல்ல. எடையில் கால் பங்கு தடை என்று வைத்துக்கொண்டால், கிளட்சை மிதித்து எஞ்சினைச் சக்கரங்களிடமிருந்து பிரித்த கணம் முதல் ஒவ்வொரு விநாடியும் வண்டியின் வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டர் கரைந்துவிடும். பத்து டிகிரி ஏற்றத்தில் அதே விநாடிக்கு 15 கிலோமீட்டர் போய்விடும். மணிக்கு 40 கிலோமீட்டரில் ஏறத் தொடங்கிய வண்டி, முக்கால் விநாடி பிடிக்கும் ஒரே ஒரு கியர் மாற்றத்தில் 11 கிலோமீட்டரைத் தொலைத்துவிட்டு, மேல் கியரைத் தாங்கும் வேகம் இல்லாமல் திணறி நிற்பதன் காரணம் இதுதான்.

இதனால் மேனுவல் வண்டிக்கு மணல் ஆகாது என்று பொருள் கொள்ள வேண்டாம். 1929ஆம் ஆண்டு ரால்ஃப் பேக்னோல்டும் அவருடைய தோழர்களும் எகிப்தின் பெருமணற்கடலுக்குள் ஓட்டிச் சென்ற மாடல் ஏ ஃபோர்டு கார்களில் இருந்தவை 40 குதிரைத்திறன் எஞ்சினும், கியர் மாற்றத்தை எளிதாக்கும் சின்க்ரோனைசர் இல்லாத மூன்று கியர்களும், பின்சக்கர இயக்கமும்தான். மேனுவலில் மணலேறும் கலை, ஏறுவதற்கு முன்பே கியரைத் தேர்ந்துவிட்டு உச்சி வரை அதை மாற்றாமலிருப்பதில் அடங்கியிருக்கிறது. சிக்கல் ஏறும்போது வருவதில்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது வருகிறது. என் கிளட்சைத் தின்றதும் அந்தக் கிளம்பல்கள்தான்.

அறிகுறி தெளிவாகவே வந்தது. மூன்றாம் கியரில் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதித்தால் எஞ்சின் சுழற்சி எகிறியது, வண்டியின் வேகம் அசையவில்லை. மணலில் சக்கரம் வீணாகச் சுழன்றாலும் இதே தோற்றம் வரும் என்பதால், தார்ச்சாலைக்கு வந்து டயர்களை நிரப்பி, ஐந்தாம் கியரில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மறுபடி முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பார்த்தேன். அங்கேயும் எஞ்சின் சுழற்சியைக் காட்டும் முள் தாவியது, கூடவே கருகிய வாடை வந்தது. கிளட்ச் பிளேட் வழுக்குகிறது என்பதில் அதற்குப் பிறகு ஐயம் இல்லை.

கழற்றும் வேலையில் கடினமானது எடை. இந்த வண்டியில் கியர்பாக்சும் ட்ரான்ஸ்ஃபர் கேசும் ஒரே கட்டையாகக் கீழிறங்க வேண்டும்; நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் அதைச் சாதாரண ஜாக்கியில் இறக்குவது விபத்தை அழைப்பதாகும் என்பதால், ஷார்ஜா தொழிற்பேட்டையில் உள்ள ஒரு பட்டறையிலிருந்து கியர்பாக்ஸ் ஜாக்கியை வாடகைக்கு எடுத்தோம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கியர் லீவர்களை வண்டிக்குள்ளிருந்தே எடுத்தோம். முன், பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுகளின் ஃப்ளேஞ்சுகளில் பெயின்ட் குறி போட்டுவிட்டுக் கழற்றினோம். குறி இல்லாமல் மாற்றிப் பூட்டினால் நெடுஞ்சாலையில் அதிர்வு வரக்கூடும். பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கடத்தும் ஸ்லேவ் சிலிண்டரை அதன் குழாயோடு அப்படியே கம்பியால் கட்டி ஓரமாகத் தொங்கவிட்டோம். குழாயைத் திறக்காவிட்டால் காற்று எடுக்கும் வேலை மிச்சம். கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகளுக்கு ஒரு மீட்டர் நீள எக்ஸ்டென்ஷன் வேண்டும், பின்னாலிருந்து ட்ரான்ஸ்ஃபர் கேசின் தலைக்கு மேலாக அதைச் செலுத்த வேண்டும். எஞ்சினுக்குக் கீழே மரக்கட்டையும் ஸ்டாண்டும் கொடுத்த பிறகே குறுக்குச் சட்டத்தை எடுத்தோம்.

பெல் ஹவுசிங் திறந்ததும் கிளட்ச் பிளேட்டின் தூளும் பாலைவனத்தின் பொடிமணலும் கலந்த பழுப்புப் பொடி கைப்பிடி அளவுக்குக் கொட்டியது. கிளட்சை விடுவிக்கும் நெம்புகோலான ரிலீஸ் ஃபோர்க்கைச் சுற்றியுள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தது, மணல் அந்த வழியாகத்தான் புகுந்திருக்கிறது. ரிவெட் தலைக்கும் பிளேட்டின் மேற்பரப்புக்கும் இடையில் குறைந்தது 0.3 மில்லிமீட்டர் ஆழம் மிஞ்ச வேண்டும் என்பது பழுதுநூல் சொல்லும் எல்லை. என் பிளேட்டில் அந்த ஆழமே இல்லை, ரிவெட்டும் பரப்பும் ஒரே மட்டத்தில் இருந்தன. பிளேட் அழுந்திப் பிடிக்கும், எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகளும், அவற்றுக்கு நடுவே மயிரிழைக் கீறல்களும் தெரிந்தன. வார்ப்பிரும்பு நீலமாகிறது என்றால் அந்த இடம் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்கிறது.

இவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது என்று தோராயமாகக் கணக்கிட்டுப் பார்த்தேன். புதைந்த வண்டியைக் கிளப்ப எஞ்சினை நிமிடத்துக்கு 2000 சுழற்சியில் வைத்து, 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையோடு கிளட்சை இரண்டு விநாடி வழுக்கவிட்டால், சுமார் 60 கிலோஜூல் வெப்பம் பிளேட்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே பிறக்கிறது. பன்னிரண்டு கிலோ வார்ப்பிரும்பு அதைச் சமமாகப் பகிர்ந்துகொண்டால் பத்து டிகிரி மட்டுமே சூடேறும், கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் மணலில் ஒரு தடவையோடு யாரும் கிளம்பிவிடுவதில்லை. முன்னுக்கும் பின்னுக்குமாக ஐந்து நிமிடம் ஆட்டும்போது அந்தப் பத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகின்றன, பெல் ஹவுசிங்கோ மூடிய பெட்டி. அங்கே ஆயில் ஓட்டம் இல்லை, தண்ணீர் இல்லை, காற்றும் வருவதில்லை. உராயும் முகத்தின் சூடு சராசரியைவிடப் பல மடங்கு மேலே நிற்கும். மேனுவலின் பலவீனம் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

ஃப்ளைவீலை லேத் பட்டறையில் கொடுத்து, கீறல்கள் மறையும் வரை முகத்தைச் சீவி வாங்கினோம். புதிய பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், ஃபோர்க் உறை ஆகியவற்றைப் புதிதாகப் போட்டோம். கடைக்காரர் செராமிக் பட்டன் வைத்த பிளேட்டைப் பரிந்துரைத்தார், நான் வாங்கவில்லை. அது சூட்டைத் தாங்கும், ஆனால் பிடித்தால் சுத்தியலடி போலப் பிடிக்கும், மென்மையாக வழுக்கத் தெரியாது. அந்த அடியை வாங்கப்போகும் அச்சும் கியர் பற்களும் கிளட்சைவிட விலை கூடியவை. அதனால் சாதாரண ஆர்கானிக் பிளேட்டும் கொஞ்சம் அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட்டும் எடுத்தேன்; பெடல் சற்றுக் கனத்தது, பழகிவிட்டது.

பூட்டும்போது பிளேட்டை நடுவில் நிறுத்தும் அலைன்மென்ட் கம்பியைப் போட்டு, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். பிளேட் ஏறி உட்காரும் ஷாஃப்டின் பல்வரிசையான ஸ்ப்ளைனில் க்ரீஸ் மெல்லிய பூச்சாக மட்டுமே இருக்க வேண்டும், மிஞ்சினால் சுழற்சியில் தெறித்துப் பிளேட்டில் படியும். கியர்பாக்சைச் சேர்க்கும்போது அதன் எடை ஒரு கணம்கூட பிளேட்டின் நடுக்குடத்தில் தொங்கக் கூடாது, தொங்கினால் புதுப் பிளேட் வளைந்துவிடும். இரண்டு முகங்களும் கையாலேயே ஒட்டி உட்கார வேண்டும். போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்ப்பது தவறான முறை. பிறகு நகரப் போக்குவரத்தில் சில வாரங்கள் ஓட்டிப் பிளேட்டை உட்காரவிட்டே மணலுக்குக் கொண்டுபோனேன்.

நண்பரின் வண்டியில் கிளட்ச் பெடல் இல்லை, ஆகவே கிளட்ச் கருகும் கவலையும் இல்லை என்று அவர் நம்பியிருந்தார். கோடை முடியும் முன்பே மணலுக்குப் போன ஒரு பிற்பகலில் கியர் ஆயில் சூட்டு விளக்கு எரிந்தது. டிப்ஸ்டிக்கில் வந்த ஆயில் சிவப்பு மாறிப் பழுப்பாக இருந்தது, கருகல் வாடையும் அடித்தது.

ஆட்டோமேட்டிக்கிலும் வழுக்கல் உண்டு, அது கிளட்சின் இடத்தில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டரில், ஆயிலுக்குள் நடக்கிறது. எஞ்சினோடு சுழலும் இம்பெல்லர் ஆயிலை வீசுகிறது, எதிரே உள்ள டர்பைன் அந்த வீச்சில் சுழன்று கியர்களை ஓட்டுகிறது, நடுவிலுள்ள ஸ்டேட்டர் திரும்பிவரும் ஆயிலைத் திசைமாற்றி முறுக்குவிசையைப் பெருக்குகிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இந்தப் பெருக்கம் ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை இருக்கும். மணலில் ஆட்டோமேட்டிக் அலுங்காமல் கிளம்பக் காரணம் இதுதான். இம்பெல்லரும் டர்பைனும் வெவ்வேறு வேகத்தில் சுழலும் வரை இடைவெளியில் கரையும் சக்தி முழுதும் ஆயிலைச் சூடாக்குகிறது. எஞ்சின் 60 கிலோவாட் கொடுக்க, கன்வெர்ட்டர் அதில் நூற்றுக்கு எழுபதை மட்டும் கடத்தினால், மிச்சம் 18 கிலோவாட். வீட்டுக் குளியலறை கெய்சர்கள் ஒன்பதை கியர்பாக்சுக்குள் போட்டுவிட்டதற்கு இது சமம். வித்தியாசம் என்னவென்றால், இந்தச் சூட்டை ஆயில் சுமந்துகொண்டு வெளியே வருகிறது. வெளியே வரும் சூட்டைக் குளிர்விக்கலாம். மூடிய பெட்டிக்குள் அகப்பட்ட சூட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

தொழிற்சாலையில் கொடுத்த கூலர் ரேடியேட்டரின் கீழ்த்தொட்டிக்குள் இருக்கிறது. சுற்றியுள்ள கூலன்டே 90 டிகிரியைத் தாண்டி நிற்கும்போது அது ஆயிலை அதற்குக் கீழே இறக்க வழியில்லை. அதனால் முதலில் கூலரை வாங்காமல் வெப்பமானியை மட்டும் பொருத்தினோம். சென்சரை டி வடிவ இணைப்பில், கியர்பாக்சிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் சூடான குழாயில் வைத்தோம்; கன்வெர்ட்டரை விட்டு வெளியே வந்தவுடன் உள்ள உச்ச வெப்பம் அங்கேதான் தெரியும். கியர்பாக்சின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பானில் வைத்தால் முள் அடக்கமாக நின்று ஆளை ஏமாற்றும்.

வெளி வெப்பம் 36 டிகிரி இருந்த நாளில் கிடைத்த எண்கள் இவை. நெடுஞ்சாலையில் 84. மென்மணலில் உயர்வரிசையில், லீவர் கியர்களைத் தானே மாற்றிக்கொள்ளும் டி நிலையில், மெதுவாக ஓட்டியபோது இருபது நிமிடத்துக்குள் 124. ஆற வைத்துவிட்டு, அதே குன்றுகளில் தாழ்வரிசை போட்டு, இரண்டாம் கியருக்கு மேல் போகாதபடி லீவரை இரண்டில் நிறுத்தி ஓட்டியபோது 103. ஒரு செலவும் இல்லாமல் 21 டிகிரி இறங்கியது எனக்கு வியப்பளித்தது, ஆனால் காரணம் எளிது. தாழ்வரிசையில் இந்த வண்டியின் கியர் விகிதம் இரண்டு மடங்காகிறது. அதே மெதுவான ஓட்டத்துக்கு டர்பைன் இரு மடங்கு வேகமாகச் சுழல்வதால், அது இம்பெல்லரின் வேகத்தை நெருங்கி, வழுக்கல் குறைகிறது. தாழ்வரிசை பாறைக்கு மட்டும், மணலுக்கு வேண்டாம் என்று சொல்கிறவர்கள் ஒருமுறை வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும்.

கூலராக அடுக்குத்தகடு வகையை வாங்கினோம். ஏசி கண்டன்சருக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டு, ரப்பர் பட்டை வைத்த இரும்புப் பட்டங்களில் பொருத்தினோம். கூலரோடு வந்த பிளாஸ்டிக் கட்டுகளை கண்டன்சரின் துடுப்புகளுக்குள் செருகி இழுப்பது எளிது, ஆனால் மணற்குன்றின் குலுக்கலில் அவை துடுப்புகளை அறுத்துவிடும். அடுத்த கேள்வி, இரண்டு குழாய்களில் திரும்பும் குழாய் எது என்பது. ஒன்றைக் கழற்றி பாட்டிலுக்குள் விட்டு எஞ்சினை ஓரிரு விநாடி ஓட்டினால், ஆயில் எந்த முனையில் வருகிறது என்று தெரிந்துவிடும். கியர்பாக்சிலிருந்து ரேடியேட்டர், அங்கிருந்து புதுக் கூலர், பிறகு மறுபடி கியர்பாக்ஸ் என்ற வரிசையில் இணைத்தோம். வெட்டிய எஃகுக் குழாயின் முனையில் விளிம்பு எழுப்பிய பிறகே ஹோஸை ஏற்றினோம். விளிம்பு இல்லாத முனையில் கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் ஹோஸ் ஒருநாள் நழுவும். ஹோஸும் கியர் ஆயிலுக்கென்று தயாரித்ததாக இருக்க வேண்டும். சாதாரணப் பெட்ரோல் ஹோஸ் இந்தச் சூட்டில் கெட்டித்துப் பிளந்துவிடும்.

பழைய ஆயிலை இறக்கி, ஆயில் பானைக் கழற்றி, காந்தத்தில் ஒட்டியிருந்த நுண்பொடியைத் துடைத்தோம். சாம்பல் நிறக் குழைவு மட்டுமே இருந்தது, உலோகச் சீவல் இல்லை, ஆகவே உள்ளே சேதமில்லை. கையேடு சொன்ன வகை ஆயிலையே நிரப்பி, சூடான பிறகு, எஞ்சின் ஓடும்போதே பி நிலையில் வைத்து அளவு பார்த்தோம். கூலரும் ஹோஸும் குடித்த அரை லிட்டரைக் கூடுதலாக ஊற்ற வேண்டியிருந்தது. பிறகு ஏறக்குறைய அதே வெயிலில் அதே குன்றுகள்: நெடுஞ்சாலையில் 72, உயர்வரிசையில் 106, தாழ்வரிசையில் 91. ஆயிலின் ஆயுள் 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் பாதியாகிறது என்பது பட்டறைகளில் புழங்கும் கணக்கு. அதன்படி பார்த்தால் 124க்கும் 91க்கும் நடுவே உள்ள தூரம் பெரியது.

ஓட்டத்தில் உள்ள வேறுபாடுகளைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குன்றின் உச்சியை நெருங்கும்போது அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாததால் காலைத் தளர்த்துவோம். ஆட்டோமேட்டிக்கை டி நிலையில் விட்டிருந்தால், அது இந்தத் தளர்வைச் சாலையில் நிதானமாகப் போவதாக எண்ணி மேல் கியருக்குத் தாவிவிடும். மறுபடி மிதிக்கும்போது கீழிறங்க நேரம் எடுக்கும். அதற்குள் வண்டி வயிறு தட்டி உட்கார்ந்துவிடும். லீவரை இரண்டில் பூட்டிவைத்தால் இந்தத் தொல்லை இல்லை. காற்றுக்கு மறைவான பக்கத்தில் மணல் 32 முதல் 34 டிகிரி சரிவில் நிற்கிறது. அங்கே நேர்க்கோட்டில், பிரேக் தொடாமல் இறங்க வேண்டும், பிரேக் போட்டால் முன்சக்கரம் புதைந்து வால் பக்கவாட்டில் திரும்பும். இந்த இறக்கத்தில் மேனுவலின் எஞ்சின் பிடிப்பு உறுதியானது, ஆட்டோமேட்டிக்கில் கன்வெர்ட்டர் வழியாக வரும் பிடிப்பு சற்றுத் தளர்ந்ததே.

ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் நிலைமை தலைகீழ். மேனுவலில் பதற்றத்தில் கிளட்சை மிதிக்கிறவர் பின்னோக்கி உருண்டு, வண்டி குறுக்கே திரும்பிக் கவிழும் அபாயத்தில் சிக்குவார். பிரேக்கை அழுத்தியபடி தாழ்வரிசை ரிவர்ஸைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை முழுதும் எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியைப் பின்னால் நகர்த்தத் தொடங்கி எஞ்சினையும் உயிர்ப்பிக்கும். கிளட்ச் மிதிக்காமல் ஸ்டார்ட் ஆகாதபடி தடுக்கும் சுவிட்சை ரத்து செய்ய, எஃப்ஜே க்ரூசர் மேனுவல் போன்ற சில வண்டிகளில் தனிப் பொத்தானே உண்டு. ஆட்டோமேட்டிக்கில் இந்தக் கலை தேவையில்லை. வண்டி நின்றாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், லீவரை ஆர் நிலைக்கு மாற்றி நேராகப் பின்வாங்கலாம். புதிதாக மணலுக்கு வருகிறவரிடம் நான் ஆட்டோமேட்டிக் எடுக்கச் சொல்வது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

2020 முதல் சவூதி அரேபியாவில் நடக்கும் டக்கார் பந்தயத்தின் முன்னணிக் கார்களில் இருப்பது, கியர்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் மாற்றும் சீக்வென்ஷியல் கியர்பாக்ஸ் என்பதை மேனுவல்காரர்கள் அடிக்கடி சான்றாகக் காட்டுகிறார்கள். அது நம் மேனுவல் அல்ல. ஓட்டத்தில் கிளட்சை மிதிக்காமலே, கண் இமைக்கும் நேரத்துக்குள் அடுத்த கியர் விழுகிறது. விநாடிக்கு 15 கிலோமீட்டர் கரைகிறது என்று முன்னே சொன்ன இழப்பு அங்கே பெயரளவுக்கே இருக்கும். அந்தச் சான்று நம் இரண்டு வண்டிகளில் எதற்கும் பொருந்தாது.

பழைய வண்டி வாங்கி மணலுக்குக் கொண்டுபோக நினைப்பவர், மேனுவல் என்றால் ஐந்தாம் கியர் சோதனையைத் தார்ச்சாலையிலேயே செய்துவிடலாம். கீழே படுத்து ஃபோர்க் உறை முழுதாக இருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஆட்டோமேட்டிக் என்றால் டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்து நிறமும் வாடையும் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்புப் பால் போல வந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கிறது, அந்த வண்டியை எந்த விலைக்கும் தொட வேண்டாம். பழுப்பாக மட்டும் இருந்தால் ஆயில், ஃபில்டர், கூலர், வெப்பமானி ஆகியவற்றின் செலவை விலையில் கழித்துப் பேசலாம். என் கிளட்சுக்கு ஆன செலவோடு ஒப்பிட்டபோது, நண்பருக்கு ஆனது பாதிக்கும் குறைவாகவே இருந்தது.